எழுதியவன் பேர் எங்கே?

அண்மையில் ஹட்டனுக்கு அப்பால் உள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் கணனிகள் கையளிக்கும் விழாவுக்குப் போயிருந்தேன். கணனிகள் எட்டு. மேடையில் போர்த்தப்பட்ட பொன்னாடைகள் பதினான்கு. பிரதம விருந்தினர் பேச எழுந்தார். "உலகச் சம்பியனையே தோற்கடிக்கக்கூடிய சதுரங்க மென்பொருள் இந்தக் கணனிகளில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்காக அதை நாங்கள் இலவசமாகத் தருகிறோம்" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் பழக்கதோஷத்தில் தட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

நாங்கள் தருகிறோமா? யார் அந்த நாங்கள்?

அந்த மென்பொருளின் பெயர் ஸ்டொக்பிஷ். அதை எழுதியவர்கள் எவருடைய சிபாரிசும் இல்லாமல் அதை உலகம் முழுவதற்கும் எப்போதோ கொடுத்துவிட்டார்கள். மேடையில் நின்றவர்கள் செய்ததெல்லாம் அதைத் தரவிறக்கிக் கணனியில் போட்டது மட்டுமே. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை! உடைத்தவருக்குப் பொன்னாடை; தென்னை வைத்தவனைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

இது சின்ன விடயம், இதற்கு ஒரு பதிவா என்று சிலர் கேட்கலாம். சின்ன விடயம் அல்ல என்று சொல்வதற்கே எழுதுகிறேன். இதே தவறை ஒரு காலத்தில் நானும் செய்தவன் என்பதால், எழுதுவதற்கு எனக்கு உரிமையை விடக் கடமையே அதிகம்.

நான் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் தோட்டத் தமிழில் 'பேர்' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். பறித்த கொழுந்து குறித்த நிறைக்குக் குறைந்தால் அரைப்பேர். மாலையில் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னிக்கு அரைப்பேர்தான் போட்டாங்க" என்று சொன்னால் அன்றிரவு லயத்துக் காம்பராவில் யாரும் அதிகம் பேச மாட்டோம். பேர் என்றால் எங்களுக்கு வெறும் அடையாளம் அல்ல. செய்த வேலைக்கான சாட்சி. அப்படிப்பட்ட மண்ணில், அந்தத் தாய்மாரின் பிள்ளைகள் முன்னால், பிறர் உழைப்புக்குப் பேர் போடாமல் விட்டுவிட்டு "நாங்கள் தருகிறோம்" என்கிறார்கள். எனக்கு உறுத்தியது அதுதான்.

சரி, தென்னையை வைத்தவர்கள் யார்?

நோர்வேயைச் சேர்ந்த தோர்ட் ரொம்ஸ்டாட் என்பவர் 2004ஆம் ஆண்டளவில் கிளௌருங் என்ற சதுரங்க எஞ்சினை எழுதி, அதன் மூலநிரலை எவரும் படிக்கவும் மாற்றவும் திறந்துவிட்டார். 2008இல் இத்தாலியின் மார்கோ கொஸ்டால்பா அந்த நிரலை எடுத்து வளர்க்கத் தொடங்கினார். புதிய எஞ்சினுக்கு அவர் இட்ட பெயர் ஸ்டொக்பிஷ். நோர்வேயில் காயவைத்து இத்தாலியில் சமைக்கப்படும் கருவாட்டின் பெயர் அது. எடுத்தவன், எங்கிருந்து எடுத்தேன் என்பதைப் பெயரிலேயே எழுதி ஒட்டிவிட்டான் பாருங்கள்! பின்லாந்தின் யூனா கீஸ்கியும் சேர்ந்தார். 2013இல் கேரி லின்ஸ்கொட் ஒரு சோதனைக் களத்தை அமைத்தார். நிரலில் எவர் ஒரு வரியை மாற்றினாலும், பல நாடுகளின் தொண்டர்கள் தத்தம் கணனிகளின் ஓய்வு நேரத்தை இரவல் கொடுக்க, பழைய நிரலும் புதிய நிரலும் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் மோதிப் பார்க்கும். புதியது சோதனையில் தேறினால்தான் மாற்றம் ஏற்கப்படும். பட்டம், பதவி, சிபாரிசு எதுவும் அங்கே செல்லாது. 2018இல் ஜப்பானியரான யூ நாசு, தம் நாட்டுச் சதுரங்கமான ஷோகிக்கென ஒரு நரம்பு வலையமைப்பு முறையை வகுத்தார். இன்னொரு ஜப்பானியரான ஹிசாயோரி நோடா அதை ஸ்டொக்பிஷ்ஷுக்குக் கொண்டுவந்தார். 2020 செப்டெம்பரில் வெளியான 12ஆம் பதிப்பில் அது இடம்பெற்றது. இவர்களோடு நூற்றுக்கணக்கானோரின் பெயர்கள் அந்த மென்பொருளுடன் வரும் ஒரு கோப்பில் வரிசையாக இருக்கின்றன. விழாவில் அந்தக் கோப்பை எவரும் திறக்கவில்லை.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

2006ஆம் ஆண்டு. கொழும்பிலிருந்து வெளிவரும் நாளேடு ஒன்றில் மலையகச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நுவரெலியா மாவட்டத்து நகரொன்றில் இயங்கிய கணனிப் பயிற்சி நிலையம் ஒன்று, 'எமது சொந்தத் தயாரிப்பு' என்று ஒரு சதுரங்க மென்பொருளை இறுவட்டில் வெளியிட்டது. விலை போட்டு விற்றார்கள். நான் விளையாடிப் பார்த்தேன். பதினைந்தாவது நகர்வுக்குள் நொறுங்கிப்போனேன். கலைப்பட்டதாரியான எனக்கு நிரலைப் பற்றி என்ன தெரியும்? மலையகத் தமிழ் இளைஞர்களின் சாதனை என்று நாலு பத்தியில் புகழ்ந்து எழுதினேன். எங்கள் பிள்ளைகள் சாதித்துவிட்டார்கள் என்ற பூரிப்பு கண்ணை மறைத்தது.

ஒரு வாரத்தில் கனடாவிலிருந்து ஒரு வாசகரின் மின்னஞ்சல் வந்தது. "ஐயா, அந்த இறுவட்டுக்குள் இருக்கும் எஞ்சினைத் தனியாக இயக்கி, யு.சி.ஐ. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டிப் பாருங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார். பக்கம் வடிவமைக்கும் தம்பி ஒருவரின் உதவியோடு தட்டினேன். கறுப்புத் திரையில் பதில் வந்தது: பெயர் ஃபுரூட் 2.1. ஆசிரியர் ஃபேபியன் லெத்தூசே.

லெத்தூசே ஒரு பிரெஞ்சுக்காரர். தம் எஞ்சினின் மூலநிரலைக் குனூ பொது உரிமத்தின் கீழ் உலகுக்குத் திறந்துவைத்தவர். 2005இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் நடந்த கணனிச் சதுரங்க உலகப் போட்டியில் அது இரண்டாமிடம் பெற்றது. எங்கள் ஊர்க்காரர்கள் செய்தது, வெளிச் சாளரத்தின் பெயரை மாற்றிப் படம் ஒட்டியது மட்டுமே. எஞ்சினைத் தொட அவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே அது உண்மையைச் சொல்லிவிட்டது.

அந்த மூன்றெழுத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2000ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஸ்டெஃபான் மேயர்-கேலனும் ரூடொல்ஃப் ஹூபரும், எந்த எஞ்சினும் எந்தச் சதுரங்கப் பலகை மென்பொருளோடும் பேசுவதற்கென ஒரு பொது நெறியை வகுத்து வெளியிட்டார்கள். அதன்படி எஞ்சினுக்கு இடப்படும் முதற் கட்டளை இதுதான். கட்டளை கிடைத்ததும் எஞ்சின் தன் பெயரையும் தன்னை எழுதியவரின் பெயரையும் சொல்ல வேண்டும். ஆட்டமெல்லாம் அதற்குப் பிறகே.

பயிற்சி நிலையத்துக்குப் போய்க் கேட்டேன். நடத்துநர் வெட்கப்படவில்லை. சிரித்தார். "அது இலவசம்தானே சேர். யாருக்கு நட்டம்?"

திரும்பி வந்து என் தவறை ஒப்புக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினேன். ஆசிரியபீடம் அதை மூன்று வரியாக்கி, மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்தில் போட்டது. புகழுக்கு நாலு பத்தி, திருத்தத்துக்கு மூன்று வரி! அந்தக் கடனைத்தான் இங்கே அடைக்கிறேன்.

"இலவசம்தானே, யாருக்கு நட்டம்?" இந்தக் கேள்வியை நான் அதன் பிறகு எத்தனையோ வாய்களிலிருந்து கேட்டுவிட்டேன். அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். விற்பது குற்றமல்ல. குனூ பொது உரிமம் விற்பனையைத் தடுக்கவில்லை. இறுவட்டுக்கு விலை வைக்கலாம். கற்பிப்பதற்குக் கட்டணம் வாங்கலாம். அது கேட்பதெல்லாம் இவைதான்: எழுதியவர்களின் உரிமைக் குறிப்பை அழிக்காதே. வாங்குபவருக்கு மூலநிரலையும் கிடைக்கச் செய். உனக்குக் கிடைத்த அதே சுதந்திரத்தை அவருக்கும் கொடு. நீ மாற்றியிருந்தால், மாற்றினேன் என்று சொல். இவற்றில் எது கஷ்டம்? காசு கேட்கவில்லை, காணி கேட்கவில்லை. பேரைக் கேட்கிறான், பாதையை மூடாதே என்கிறான். அதைக்கூடக் கொடுக்க மனமில்லாதவன் எடுத்துக்கொள்வது இலவசம் அல்ல, களவு.

இது நம் ஊர்க்காரருக்கு மட்டும் உரிய குணம் என்று நான் சொல்லவில்லை. பெரிய இடங்களிலும் இந்த வழக்கு நடந்திருக்கிறது. ரிப்கா என்ற எஞ்சின் பல உலகப் பட்டங்களை வென்றது. அதில் ஃபுரூட், கிராஃப்டி ஆகியவற்றின் நிரல் அனுமதியின்றி எடுத்தாளப்பட்டது என்று 2011இல் சர்வதேசக் கணனி விளையாட்டுச் சங்கம் தீர்ப்பளித்துப் பட்டங்களைப் பறித்தது. எழுதியவரான வாசிக் ராஜ்லிச் குற்றச்சாட்டை மறுத்தார். அவருக்கு விதிக்கப்பட்ட ஆயுட்காலத் தடை முறையற்றது என்று 2015இல் உலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் ஒழுக்கக் குழு கூறியதையும் நேர்மைக்காகச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது ஜேர்மனியின் செஸ்பேஸ் நிறுவனம். 2021 பெப்ரவரியில் ஃபாட் ஃபிரிட்ஸ் 2 என்ற எஞ்சினை ஏறத்தாழ 100 யூரோவுக்கு விற்பனைக்கு விட்டது. அது சிற்சில மாற்றங்களோடும் வேறொரு நரம்பு வலையமைப்போடும் வந்த ஸ்டொக்பிஷ்தான், வாங்குபவர்களுக்கு அவர்களுடைய உரிமைகள் சரிவரத் தெரிவிக்கப்படவில்லை என்று ஸ்டொக்பிஷ் அணியினர் குற்றஞ்சாட்டினார்கள். அதே ஆண்டு ஜூலையில் வழக்குத் தொடர்ந்ததை அறிவித்தார்கள். மியூனிக் நீதிமன்றத்துக்குப் போன வழக்கு 2022 நவம்பரில் இணக்கத்தில் முடிந்தது. ஸ்டொக்பிஷ் நிரல் அடங்கிய தயாரிப்புகளின் விற்பனையை நிறுவனம் நிறுத்தியது. கட்டற்ற மென்பொருள் உரிமங்கள் மதிக்கப்படுவதைக் கவனிக்கவென்றே ஓர் அலுவலரை நியமிக்கவும் உடன்பட்டது. ஓய்வு நேரத்தில் நிரல் எழுதும் சிலர் ஒரு பெரிய நிறுவனத்தை எதிர்த்து நின்றார்கள். எதற்காக? பேருக்காகவும், தமக்குப் பின்னால் வருபவர்களின் உரிமைக்காகவும்.

1770இல் வியன்னாவில் முதன்முதல் காட்டப்பட்ட 'சதுரங்க இயந்திரம்' என்ன என்று தெரியுமா? துருக்கியர் வேடமிட்ட ஒரு பொம்மை. அதன் பெட்டிக்குள் ஒரு மனிதன் ஒளிந்திருந்து காய் நகர்த்தினான். புகழ் பொம்மைக்கும் அதைக் காட்டியவர்களுக்கும். மூச்சு முட்ட உள்ளே இருந்தவனுக்கு இல்லை. இரண்டரை நூற்றாண்டு கழித்தும் சிலர் அந்தப் பெட்டியைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மனிதனை வெளியே கொண்டுவரும் வழக்கமும் நம்மிடம் இல்லாமலில்லை. 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை மின்னூலாக்கி இலவசமாகத் தந்தது. அதன் மின்னூல்களின் தொடக்கத்தில் தட்டச்சு செய்தவர் இன்னார், பிழை திருத்தியவர் இன்னார் என்ற குறிப்பு இருக்கும். 2005இல் ஈழத்து நூல்களுக்கெனத் தொடங்கிய நூலகம் திட்டமும் தொண்டர்களின் தோளில்தான் வளர்ந்தது. ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் சிட்னியிலும் இருந்து இதைப் படிக்கும் உங்களில் பலர் முதன்முதல் தமிழில் தட்டெழுதியது இப்படி யாரோ எழுதி இலவசமாகத் தந்த எ-கலப்பையால் அல்லவா? ஆனால் அதே மின்னூல்களை எடுத்து, உழைத்தவர் பெயர்களை மட்டும் வெட்டிவிட்டுத் தம் பெயரில் போட்டுக்கொண்ட தளங்களையும் நான் பார்த்திருக்கிறேன். கேட்டால் அதே பதில்: இலவசம்தானே!

இனி, இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். அவர்கள் திருடமாட்டார்கள், இரக்கப்படுவார்கள். "தோட்டத்துப் பிள்ளைக்கு முதலில் நல்ல வீடும் அம்மாவுக்கு நியாயமான சம்பளமும் வேண்டும். சதுரங்க எஞ்சின் எதற்கு?" என்பார்கள். வீடும் சம்பளமும் வேண்டும் என்பதற்கு எனக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நான் அந்த லயத்திலிருந்து வந்தவன். ஆனால் 'முதலில் அது, பிறகு இது' என்று எங்கள் பிள்ளைகளின் வரிசையை எப்போதும் வேறொருவரே தீர்மானிப்பது ஏன்? தம் பிள்ளைகளுக்கு அந்த வரிசையை இவர்கள் வைப்பதில்லையே! குகேஷ் ஆரம்ப காலத்தில் எஞ்சின் இல்லாமலேயே பயின்றவர் என்பதையும் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். உண்மை. அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரை வேண்டுமென்றே எஞ்சினிலிருந்து விலக்கி வைத்திருந்தார். எஞ்சின் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு சிந்திக்க மறந்துவிடக் கூடாதே என்பது அவர் கவலை. நான் சொல்வது எஞ்சினிடம் விடை கேட்பதை அல்ல. எஞ்சினையே திறந்து படிப்பதை, எழுதுவதை.

எழுத முடியுமா? முடியும். நெதர்லாந்தின் ஹார்ம் கியர்ட் முல்லர் 2000 எழுத்துகளுக்கும் குறைவான நிரலில் சதுரங்கம் ஆடும் ஒரு எஞ்சினை எழுதிக் காட்டியிருக்கிறார். டென்மார்க்கின் தோமஸ் ஆலே பைதன் மொழியில் எழுதிய சன்ஃபிஷ்ஷின் மையப் பகுதி நூற்றுச் சொச்சம் வரிகள்தாம். ஒரு பழைய கணனியும் பொறுமையும் போதும், மூலதனம் வேண்டாம்.

எனக்குத் தங்கை முறையான ஒருவரின் மகள், உயர்தரம் படிக்கிறவள், சென்ற ஆண்டு அப்படி ஒன்றை எழுதத் தொடங்கினாள். அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கிறவர். அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். எனக்கு அவள்தான் விளக்கினாள்: "ஆரம்பத்துல வெள்ளைக்கு 20 நகர்வு இருக்கு மாமா. கறுப்பு பதிலுக்கு நகர்த்தினா 400. மூணாவதுல 8,902. நாலாவதுல 197,281. மரம் மாதிரி கிளை விட்டுப் போகும். எல்லாக் கிளையிலயும் ஏற முடியாது. பிரயோசனமில்லாத கிளைய வெட்டிறணும். அப்பா செய்ற கவ்வாத்துதான்." அல்பா-பீட்டா வெட்டு என்று புத்தகங்கள் சொல்வதை இதைவிட நன்றாக எனக்கு எவரும் விளங்கப்படுத்தியதில்லை.

அந்த எண்கள் உலகில் எஞ்சின் எழுதுகிற எல்லோருக்கும் பொது. உன் நிரலும் அதே எண்ணைத் தந்தால் நகர்வு விதிகளை நீ சரியாக எழுதியிருக்கிறாய். தராவிட்டால் எங்கோ பிழை. ஐந்தாவது நகர்வில் 4,865,609 வரவேண்டும். அவளுக்கு 4,865,351 வந்தது. "258 குறையுது மாமா" என்றாள். எங்கள் வீடுகளில் 'குறையுது' என்ற சொல் பழக்கமானது. தராசில் குறையும், சம்பளச் சீட்டில் குறையும். ஏன் என்று கேட்டால் பதில் வராது. இங்கே பதில் இருந்தது. காலாள் போகிற போக்கில் வெட்டும் அந்த விசேட விதியை அவள் எழுதவில்லை. ஐந்தாவது நகர்வில் அப்படிப்பட்ட வெட்டுகள் சரியாக 258. இரண்டு வாரம் தேடித் தானே கண்டுபிடித்தாள். துரையின் கையொப்பமோ அதிபரின் சான்றிதழோ இல்லாமல், தன் வேலை சரி என்று தானே நிறுத்துப் பார்க்கக் கிடைத்த தராசு அது. அந்தத் தராசையும் யாரோ திறந்து வைத்துவிட்டுப் போனதால்தான் அது லயத்துக்கு எட்டியது.

எழுதி முடித்த பிறகு வெளியிடத் தயங்கினாள். "ஸ்டொக்பிஷ்கிட்ட எல்லா ஆட்டமும் தோக்குது. இத யாரு பாப்பாங்க மாமா?" என்றாள். தோற்றால் என்ன? ஸ்டொக்பிஷ்ஷும் எங்கோ ஒருவருடைய பொழுதுபோக்காகத் தொடங்கியதுதானே. அடுத்த தோட்டத்தில் ஒரு பிள்ளை படித்துப் பார்த்துத் தொடங்குவதற்கு உன்னுடையதுதான் வசதி என்றேன். விளக்கக் குறிப்புகளைத் தமிழில் எழுதி, குனூ பொது உரிமத்தோடு வெளியிட்டாள். முதல் வரியில், சன்ஃபிஷ்ஷைப் படித்துக் கற்றேன் என்று ஆலேயின் பெயரோடு எழுதியிருக்கிறாள். நான் அந்த மூன்றெழுத்தைத் தட்டிப் பார்த்தேன். எழுதியவர் என்ற இடத்தில் அவளுடைய பேர் வந்தது. அரைப்பேர் அல்ல, முழுப்பேர்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். விழா நடத்துவோரே, அடுத்த முறை மேடையில் ஏறும்போது எழுதியவர்களின் பெயரைச் சொல்லுங்கள். அந்த மென்பொருளைத் திறந்து படிக்கலாம், மாற்றலாம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கணனிகளை அலுமாரிக்குள் பூட்டிச் சாவியை அதிபரின் மேசைக்குள் வைக்காதீர்கள். பத்திரிகைத் தம்பி தங்கைகளே, 'தமிழரின் சாதனை' என்று தலைப்பிடுவதற்கு முன் மூலநிரல் எங்கே என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை, அவமானப்பட்டேன். வெளிநாடுகளில் கணனித் துறையில் இருக்கும் உறவுகளே, பழைய கணனி அனுப்புவதோடு நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் எழுதிய நிரல் ஒன்றைத் தமிழ்க் குறிப்புகளோடு திறந்துவிடுங்கள். எங்கள் பிள்ளைகள் எழுதியதைப் படித்துப் பிழை சொல்லுங்கள்.

'சிலோன் டீ' என்று உலகமெல்லாம் விற்கும் பொட்டலத்தில் பறித்தவளின் பேர் இல்லை. தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நாங்கள். பிறருடைய பேரை அழிக்கிற வேலையை எங்கள் பிள்ளைகளுக்கு நாங்களே பழக்கிவிடக் கூடாது.